செல்ஃப் சர்வீஸ் லாண்டரிக்கு எந்தத் தெரு?

கேள்வி சுருக்கமாக இது: சென்னை துரைப்பாக்கத்தில் காசு போட்டுத் தானே துவைத்துக்கொள்ளும் லாண்டரி தொடங்க இரண்டு கடைகள் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று ஓ.எம்.ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) பார்த்தபடி புது காம்ப்ளெக்ஸில் தரைத்தளம், 450 சதுர அடி, வாடகை 85,000 ரூபாய். மற்றது உள்ளே மூன்றாவது தெரு, ஏறக்குறைய அதே அளவு, 42,000 ரூபாய், சுற்றிலும் பி.ஜி. விடுதிகள். கீழே வாஷர், மேலே டிரையர் என 10 கிலோ மெஷின் ஆறு ஜோடி போடப் போகிறீர்கள். எதை எடுப்பது?

உள்தெருக் கடையை எடுங்கள். ஆனால் தண்ணீர், கழிவுநீர், கரன்ட் மூன்றும் அங்கே தேறினால்தான். மூன்றில் ஒன்று தேறாவிட்டாலும் அதை விட்டுவிட்டு அடுத்த தெருவில் தேடுங்கள். ரோட்டு மேல் கடைக்குத் தாவ வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் மெஷினைத் தப்பாக வாங்கினால் விற்று மாற்றிவிடலாம், இடத்தைத் தப்பாக எடுத்தால் குழாய், ஒயரிங், கான்கிரீட் மேடை எல்லாம் அங்கேயே புதைந்து போகும்.

முதலில் யார் வருவார்கள் என்பது. நம் ஊரில் துணி துவைப்பது பெரிய பாடு இல்லை. ஒரு பக்கெட், கொஞ்சம் சோப்புத்தூள், அரை மணி நேரம், முடிந்தது. மெஷினும் பல வீடுகளில் வந்துவிட்டது. பாடு எல்லாம் காயவைப்பதில்தான் இருக்கிறது. நான்கு பேர் படுக்கும் அறை, பால்கனி கிடையாது, மொட்டை மாடிச் சாவி ஓனரிடம். ஜீன்ஸும் துண்டும் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் இரண்டு நாள் கிடந்து ஈர வாடை அடிக்கும். அந்த அறையில் இருப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர். ஆகவே நீங்கள் இடம் பார்ப்பது துவைக்கும் கடைக்கு அல்ல, காயவைக்கும் கடைக்கு. கொடி கட்ட இடமில்லாதவர்கள் எந்தத் தெருவில் அதிகமோ, அந்தத் தெருதான் உங்கள் தெரு.

இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உள்தெருக்களில் நடந்து தலையைத் தூக்கிப் பாருங்கள். மொட்டை மாடி முழுக்கக் கொடியும் துணியும் இருந்தால் அந்தக் கட்டடத்திலிருந்து ஆள் வராது. மாடி காலியாக இருந்து, ஜன்னல் கம்பியில் க்ளிப் போட்ட உள்பனியன், ஏ.சி. வெளிப்பெட்டி மேல் விரித்த துண்டு, மாடிப்படிக் கைப்பிடியில் பெட்ஷீட் என்று தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இடம் இல்லாமல் தவிக்கிறார்கள்.

மழைக்காலத்தை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதம் எந்தத் தெருவில் டிரையர் வைத்தாலும் ஓடும். மீதி ஒன்பது மாதம் அடிக்கிற வெயிலில் அரை நாளில் துணி காய்ந்துவிடும். மே மாதத்திலும் காயவைக்க இடம் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அடுத்தது எண்ணிக்கை. மக்கள்தொகை, குடும்ப எண்ணிக்கை எதுவும் இதற்கு உதவாது. எண்ண வேண்டியது கட்டில்களை. கடையிலிருந்து 400, 500 மீட்டர் தூரத்துக்குள் உள்ள ஒவ்வொரு விடுதியிலும் அறை தேடுபவர் போலப் போய் விசாரியுங்கள்: எத்தனை அறை, ஓர் அறையில் எத்தனை பேர், வாஷிங் மெஷின் இருக்கிறதா, இருந்தால் எத்தனை பேருக்கு ஒன்று, மாடியில் காயப்போட விடுவார்களா. ஐந்நூறு மீட்டருக்கு மேல் எண்ணாதீர்கள். ஒரு வாரத் துணி ஒருவருக்கு நாலைந்து கிலோ வரும். பெட்ஷீட்டும் சேர்ந்தால் ஏழு. அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அதற்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள்.

1,200 கட்டில் தேறியது என்று வைத்துக்கொள்வோம். எட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை வந்தால் 150 லோடு (ஒரு தடவை மெஷினில் போடும் துணி ஒரு லோடு), நாளுக்கு 21. ஆறு மெஷினுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு நாளுக்கு மூன்றரைச் சுற்று. எட்டில் ஒருவர் என்பது அனுமானம்தான். அதைப் பன்னிரண்டில் ஒருவர் என்றும் போட்டுப் பாருங்கள்: வாரம் 100 லோடு, நாளுக்கு 14. அந்த எண்ணிலும் வாடகையும் கரன்ட் பில்லும் கட்ட முடிகிற இடமாக இருக்க வேண்டும். எட்டில் ஒருவர் வந்தால்தான் பிழைப்போம் என்ற நிலையில் உள்ள இடத்தை எடுக்க வேண்டாம்.

கட்டில் எண்ணும்போது பலர் கோட்டைவிடும் ஒரு விஷயம் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் பார்த்தால் தெரியும்: விழுப்புரம், திருச்சி பஸ் ஏறுகிற பையன்கள் தோளில் கனமான பை தொங்கும். அதில் பாதி அழுக்குத் துணி. ஊருக்குப் போய் அம்மா மெஷினில் போட்டு, காயவைத்து, மடித்துத் திங்கட்கிழமை காலை கொண்டு வந்துவிடுவார்கள். இவர்கள் உங்கள் கணக்கில் கிடையாது. ஒரே இரவில் ஊர் போய்ச் சேர முடியாதவர்கள்தான் கணக்கில் வருவார்கள்: ஒடிசா, வங்காளம், பீகார், வடகிழக்கு. விடுதி மெஸ்ஸில் சப்பாத்தி எத்தனை வேளை போடுகிறார்கள், தெருமுனைக் கடையில் எந்த மொழிப் பலகை தொங்குகிறது என்பதைப் பார்த்தாலே ஒரு தெருவில் யார் இருக்கிறார்கள் என்று ஓரளவு புரியும். ஐ.டி. கம்பெனிகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் என்ற வழக்கம் வந்த பிறகு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிட்டது. வாடகை கட்டியிருப்பார், ஆனால் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பார்.

தெருவில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுபவர், பால் போடுபவர், இஸ்திரி வண்டிக்காரர். கேன் போடுபவருக்கு எந்தக் கட்டடத்தில் எத்தனை கேன் காலியாகிறது என்று அத்துப்படி. ஆள் கூடியதும் குறைந்ததும் அவருக்குத்தான் முதலில் தெரியும். இஸ்திரிக்காரரைப் போட்டியாளர் என்று நினைக்காதீர்கள். டிரையரிலிருந்து எடுத்த துணி அப்படியே அவரிடம்தான் போகும். அவர் வண்டி நிற்கிற இடத்திலிருந்து நாலு கடை தள்ளி இடம் கிடைத்தால் நல்லது. அவர் உங்களுக்கு ஆள் அனுப்புவார், நீங்கள் அவருக்கு அனுப்புவீர்கள். உண்மையான போட்டி வேறு: வாடகைக்குக் கிடைக்கிற வீட்டு மெஷின், கிலோ கணக்கில் வாங்கித் துவைத்துக் கொண்டு வந்து தரும் ஆப் சேவைகள், விடுதி ஓனர் ஒரு நாள் மனம் மாறி வாங்கிப் போடும் இரண்டு மெஷின். மூன்றாவதற்கு மருந்து, அந்த ஓனர்களிடம் முன்கூட்டியே பேசிவைப்பது. தண்ணீர்ச் செலவும் ரிப்பேர் தலைவலியும் அவர்களுக்கும் உண்டு.

இப்போது ரோட்டு மேல் கடைக்கு வருவோம். ஓ.எம்.ஆரில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வண்டி போனாலும் அந்தக் கூட்டம் உங்களுடையது அல்ல. அழுக்குத் துணிப் பையோடு யாரும் தற்செயலாகக் கடந்து போவதில்லை. அகலமான ரோடு, நடுவில் தடுப்பு, மெட்ரோ வேலைக்குப் போட்ட தகர வேலி. எதிர்ப்பக்கம் இருப்பவர் இந்தப் பக்கம் வர யூ டர்ன் தேடிப் போக வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கட்டில்களை எண்ணவே வேண்டாம். ஆக, ரோட்டுக்கடைக்கும் உள்தெருக் கடைக்கும் கிடைக்கிற ஆட்கள் அதே ஆட்கள்தான். ரோட்டுக்கடைக்கு அவர்கள் கூடுதலாக 300 மீட்டர் நடக்க வேண்டும், நீங்கள் கூடுதலாக 43,000 கொடுக்க வேண்டும். மருந்துக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் ரோட்டு முகப்பு காசு. இதற்கு, தெரு திரும்பும் இடத்தில் ஒரு பலகை போதும்.

உள்தெரு என்றாலும் இருட்டுச் சந்து கூடாது. வார நாட்களில் ராத்திரி எட்டு முதல் பத்தரை வரைதான் கூட்டம் வரும், அதில் பெண்கள் கணிசம். தெருவிளக்கு எரிய வேண்டும், கடை முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்து உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். பக்கத்தில் டீக்கடையோ டிபன் கடையோ இருந்தால் துவைத்துக் காயும் வரை காத்திருப்பது சுமையாகத் தெரியாது. ஐந்தாறு பைக் நிறுத்த இடம் வேண்டும், கார் நிறுத்த இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆள் கணக்கு முடிந்தது. இனி கடைக்குள் போவோம். இங்கேதான் பெரும்பாலான இடங்கள் விழும்.

தண்ணீர். முன்பக்கம் திறக்கும் பத்துக் கிலோ மெஷின் ஒரு லோடுக்கு 80, 90 லிட்டர் குடிக்கும். ஆறு மெஷின், நாலு சுற்று என்றால் நாளுக்கு 2,000 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை 3,000 தாண்டும். அளவு பெரிய பிரச்சினை இல்லை, தரம்தான் பிரச்சினை. கடலோரமாகக் கிடக்கும் இந்த நெடுக்கில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் பல தெருக்களில் உப்பும் கடினமும் சேர்ந்தது. கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளை பழுப்பாகும், துண்டு அப்பளம் போல விறைக்கும், வாஷரின் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். வாடிக்கையாளர் இதற்கெல்லாம் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டார். உங்கள் மெஷினைத்தான் சொல்வார்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கட்டடத்தின் போரிலிருந்தே ஒரு லிட்டர் பிடித்து லேபில் கொடுங்கள். மொத்தக் கடினத்தன்மை, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), இரும்பு, குளோரைடு, இந்த நாலும் போதும். டிசம்பரில் பிடித்தால் மழைநீர் கலந்து நல்ல பேர் வாங்கிக்கொடுக்கும். முடிந்தால் ஏப்ரல், மே தண்ணீரைப் பாருங்கள். முடியாவிட்டால் வந்த எண்ணைவிடக் கோடையில் மோசமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 150 மி.கி.க்குள் என்றால் கவலை இல்லை. 150 முதல் 600 வரை சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) போட்டுச் சமாளிக்கலாம். 600 தாண்டி இரும்பும் இருந்தால் அந்தப் போரை மறந்துவிடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவிலேயே கடினத்தன்மையின் உச்ச வரம்பு 600தான்.

சாஃப்ட்னர் என்றால் மந்திரம் இல்லை, கணக்கு. 600 மி.கி. தண்ணீர் 2,000 லிட்டரில் 1.2 கிலோ கடினப்பொருள் இருக்கும். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள்தான் அதைப் பிடித்து வைப்பவை; ஒரு லிட்டர் ரெசின் தோராயமாக 50 கிராம் பிடிக்கும். 50 லிட்டர் ரெசின் வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை உப்புக் கரைசலில் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆறேழு கிலோ கல்லுப்பு. கழுவிய உப்புநீர் போக வழி வேண்டும், அந்த வேலையைத் தவறாமல் செய்ய ஆள் வேண்டும். ஒரு முறை தவறினால் அடுத்த நாள் துணியில் தெரிந்துவிடும். இரும்பு கலந்த தண்ணீர் ரெசினையே கெடுத்துவிடும், அதற்கு முன்னால் தனி ஃபில்டர் தேவை. சாஃப்ட்னர் கடினத்தை எடுக்குமே தவிர உப்பை எடுக்காது. குளோரைடு அதிகமான தண்ணீர் ஸ்டீல் டிரம்மையும் வெல்டிங்கையும் மெல்ல அரிக்கும்.

போர் சரியில்லை என்றால் டேங்கர் லாரி. மாதம் 60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஐந்து. இதில் இரண்டு சிக்கல். சம்ப் 5,000 லிட்டர்தான் கொள்ளும் என்றால் 12,000 லிட்டர் லாரியை இறக்க முடியாது, சின்ன லாரிக்கு லிட்டர் விலை கூடும். இன்னொன்று, லாரி அந்தத் தெருவுக்குள் நுழையுமா? பதினைந்து அடித் தெருவில் இரண்டு பக்கமும் பைக் நிறுத்தியிருந்தால் நுழையாது. தெருமுனையில் நின்று ஹோஸ் போடச் சொன்னால் டிரைவர் ஒரு தடவை போடுவார், மறுதடவை வர மாட்டார். லாரித் தண்ணீர் ஒவ்வொரு நடைக்கும் வேறு கிணற்றிலிருந்து வரும் என்பதால் சொட்டு விட்டுப் பார்க்கும் கடினத்தன்மை கிட் ஒன்று கடையில் இருக்கட்டும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. மூன்று நாள் தண்ணீர் கையிருப்பு இருக்கும் சம்ப் உள்ள கட்டடமாகப் பாருங்கள்.

அழுத்தமும் பார்க்க வேண்டும். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தொட்டியிலிருந்து தரைத்தளத்துக்கு முக்கால் பார்தான் வரும், பழைய குழாயில் அதிலும் கொஞ்சம் போகும். ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுத்தால் நிரம்பவே நேரமாகி, 35 நிமிடச் சுற்று 50 நிமிடம் ஆகிவிடும். தனித் தொட்டி, தனி பிரஷர் பம்ப் வைக்க ஓனர் ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். பொதுத் தொட்டியிலிருந்து எடுத்தால் மேல்மாடிக்காரர்களோடு தினமும் சண்டைதான்.

கழிவுநீர் இதைவிட முக்கியம், ஆனால் இதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே வந்த 2,000 லிட்டரும் வெளியே போக வேண்டும். தெருவில் பாதாள சாக்கடை இருக்கிறதா, அந்தக் கட்டடத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்களா, வரி ரசீதில் அது தெரிகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மேன்ஹோல் மூடி தெருவில் இருப்பதால் மட்டும் இணைப்பு இருப்பதாக ஆகாது. செப்டிக் டேங்க் மட்டும் உள்ள கட்டடம் வேண்டவே வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், உறிஞ்சுகுழி உறிஞ்சாது. 10,000 லிட்டர் டேங்க் ஐந்து நாளில் நிரம்பி, கழிவுநீர் லாரிக்குக் காசு கொடுத்தே லாபம் கரையும். மழைநீர் வடிகாலில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாநகராட்சி இணைப்பைத் துண்டித்து அபராதம் போடும், போட வேண்டியதும்தான்.

இணைப்பு இருந்தாலும் குழாய் தாங்க வேண்டும். ஒரு மெஷின் ஒரு தடவை 20, 25 லிட்டரை ஒரே மூச்சில் கொட்டும். ஆறும் ஒன்றாகக் கொட்டினால் 150 லிட்டர் ஒரு நிமிடத்தில் போக வேண்டும். கடையின் கழிவறைக்குப் போட்ட பழைய குழாய் இதைத் தாங்காமல் தரைத்துவாரம் வழியாக நுரை பொங்கி மேலே வரும். மெஷின்களுக்குப் பின்னால் நாலு அங்குலத் தனிக் குழாய், 60 அடிக்கு ஒரு அடி சரிவு, நடுவில் பஞ்சு பிடிக்கும் வலைத்தொட்டி ஒன்று. இதைப் போட வழி இருக்கிறதா என்று ஒரு பிளம்பரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கரன்டுக்கு வருவோம். டிரையர் ஒன்று 5.5 கிலோவாட். ஆறுக்கு 33. வாஷர்கள் குளிர்நீரில் ஓடினால் மொத்தம் 4, பம்ப், விளக்கு, மற்றது 3. ஆக 40 கிலோவாட், த்ரீ ஃபேஸ். சாதாரணக் கடைக்கு இருப்பதோ நாலைந்து கிலோவாட். இதைக் கூட்ட விண்ணப்பம், கிலோவாட் கணக்கில் கட்டணம், புதுக் கேபிள், சில இடங்களில் டிரான்ஸ்ஃபார்மரே தாங்காது என்ற பதில். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கட்டடத்தின் சர்வீஸ் எண்ணைக் கொடுத்து, அந்த டிரான்ஸ்ஃபார்மரில் 40 கிலோவாட் கூடுதலாகக் கிடைக்குமா என்று நேரில் கேளுங்கள். கட்டட அனுமதிக்கு மாறாகக் கட்டிய இடமாக இருந்தால் மின் லோடு கூட்டும்போதுதான் அது வெளியே வரும். அனுமதி வரைபட நகலை ஓனரிடம் அதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள்.

வோல்டேஜையும் பாருங்கள். மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு, தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது, மீட்டர் வைத்து அளந்தால் உண்மை தெரியும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 இருந்தால் டிரையர் ஹீட்டரின் சூடு கால்பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். முக்கால் மணியில் காய வேண்டியது ஒரு மணி நேரம் ஆகும். கூட்டம் இருக்கிற அதே நேரத்தில் கடை மெதுவாகும்.

கரன்ட் கிடைக்காத தெருவுக்கு கேஸ் டிரையர் ஒரு வழி. ஒரு லோடுக்கு 0.4 கிலோ எல்.பி.ஜி. பிடிக்கும், 19 கிலோ சிலிண்டர் சுமார் 45 லோடுக்கு வரும். லோடுக்கு ஆகிற செலவு கரன்டோடு ஏறக்குறைய சமம்தான். ஆனால் மின் லோடு 40லிருந்து 10 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். மின்சாரத்தின் மாத நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருவதால் கடை ஓடாத நாளிலும் அந்த மிச்சம் உண்டு. மொத்தம் 100 கிலோ வரை வைக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை. ஐந்து சிலிண்டர் 95 கிலோ. அதை வெளியில், காற்றோட்டமான கம்பிக்கூண்டில், பள்ளமோ சம்ப் மூடியோ பக்கத்தில் இல்லாமல் வைக்க இடம் வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். அடித்தளத்துக் கடைக்கு கேஸ் கூடவே கூடாது.

எந்த டிரையர் ஆனாலும் புகைபோக்கி வழி இல்லாத கடை பயன்படாது. சூடான ஈரக்காற்று சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டும், வழியில் வளைவு குறைவாக இருக்க வேண்டும். நீண்ட, வளைந்த குழாயில் பஞ்சு அடைந்து காற்று குறையும், துணி காய நேரமாகும், கடைசியில் அந்தப் பஞ்சே தீப்பிடிக்கும். கடையின் பின்சுவர் காலி இடத்தைப் பார்த்திருந்தால் அருமை. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்திருந்தால், அல்லது மேல்மாடிக்காரர் துணி காயப்போடும் இடத்துக்குக் கீழே இருந்தால், திறந்த வாரமே புகார் வரும். உள்ளே காற்று வரவும் வழி வேண்டும்: டிரையர் ஒன்றுக்குக் குறைந்தது 250 சதுர செ.மீ. திறப்பு. இதை மறந்து கடையை ஏ.சி. போட்டு மூடினால், குளிர்ந்த காற்றைத்தான் டிரையர் இழுத்துச் சூடாக்கி வெளியே தள்ளும். இரண்டு பில்லும் ஏறும்.

மேல்மாடி வேண்டாம். கெட்டியாகப் பதிக்கும் மெஷின் வேகமாகப் பிழியும்போது தரை அதிரும், கீழே உள்ளவர் விட மாட்டார். தரைத்தளத்தில் ஆறு அங்குலக் கான்கிரீட் மேடை போட்டு போல்ட் இறுக்க வேண்டும். மெஷின் பின்னால் ஓர் ஆள் நுழைந்து வேலை பார்க்க இரண்டடி, கதவு மூன்றடிக்குமேல், கூரை பத்தடி. அளந்து பார்க்காமல் வாங்கிய மெஷின் வாசலிலேயே நின்றுவிடும்.

தரைத்தளம் என்றதும் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையின் தாழ்வான தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஓனர் “இங்க தண்ணியே வராது சார்” என்பார். அவரைக் கேட்காமல் சுவரைக் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கலான பழுப்புக் கோடு, கீழ் இரண்டடிக்கு மட்டும் பெயர்ந்த பெயின்ட், மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே மாட்டிய பழைய ஆணித் துளை, கதவின் அடியில் உப்பிய பிளைவுட். பழைய மளிகைக் கடைக்காரர் கீழ்த்தட்டில் அரிசி மூட்டை வைப்பாரா, செங்கல் மேல் வைப்பாரா என்பதும் சொல்லிவிடும். தெருமட்டத்திலிருந்து கடைத்தரை குறைந்தது இரண்டடி மேலே இருக்கட்டும்.

இதெல்லாம் தேறிய பிறகுதான் வாடகை. ஒரு லோடு துவைத்துக் காயவைக்க 250 ரூபாய் என்று வையுங்கள். ஏழு கிலோத் துணியிலிருந்து மூன்றரை, நாலு லிட்டர் ஈரத்தை எடுக்க டிரையர் நாலு யூனிட் இழுக்கும். வணிக இணைப்பில் யூனிட் சுமார் 10 ரூபாய், வாஷரும் சேர்த்து 45. தண்ணீர் 13, சோப்பு 12, உப்பு, ரிப்பேருக்கு ஒதுக்குவது, பணப்பரிமாற்றக் கட்டணம் 20. மொத்தம் 90. மிச்சம் 160. இப்போது 42,000 வாடகை நாளுக்கு 1,400, அதாவது ஒன்பது லோடு. 85,000 வாடகை நாளுக்கு 2,833, பதினெட்டு லோடு. பதினெட்டு லோடு என்றால் ஆறு மெஷினும் தினம் மூன்று சுற்று ஓடி ஓனருக்கு மட்டும் சம்பாதிக்கும்; ஆள் சம்பளம், கடன் தவணை, நிலைக்கட்டணம் எல்லாம் அதற்கு மேல். மேலே சொன்ன 14 லோடுக் கணக்கில் உள்தெருக் கடை வாடகை கட்டிக் கொஞ்சம் மிச்சம் வைக்கும், ரோட்டுக்கடை வாடகைக்கே திணறும்.

ஒப்பந்தத்தில் வாய்வார்த்தை வேண்டாம். எழுத வேண்டியவை: சுவர் துளைக்கவும் குழாய் பதிக்கவும் சம்மதம், மின் லோடு கூட்ட ஓனர் கையெழுத்திடுவார், அந்தக் கட்டணத்தை யார் ஏற்பது, போர் மற்றும் சம்ப்பில் உங்கள் பங்கு, காலி செய்யும்போது மெஷின், சாஃப்ட்னர், பம்ப் உங்களுடையவை, ஐந்து வருடத்துக்கு முன் ஓனர் காலி செய்யச் சொல்லக் கூடாது. பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி இத்தனை முதலீடு போடாதீர்கள். நீண்ட காலத்துக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமத்தோடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும் இந்த அளவுக் கடைக்கு என்ன அனுமதி தேவை என்று அட்வான்ஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

துரைப்பாக்கம் ஒத்துவராவிட்டால் எங்கே தேடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஐ.டி. விடுதிகளையே சுற்ற வேண்டியதில்லை. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளியின் துணி தினமும் சேரும், காயவைக்க லாட்ஜில் இடம் இராது, ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான தெரு அமைவது கடினம். சென்னையில் அப்போலோ மருத்துவமனை இருக்கும் கிரீம்ஸ் ரோட்டை ஒட்டிய சந்துகளும் அதே மாதிரி, வாடகை மட்டும் கடுமை. கோவையில் சரவணம்பட்டி போன்ற விடுதிப் பகுதிகளைப் பார்ப்பதானால், சிறுவாணி புகழை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தத் தண்ணீரின் மென்மை வேறு, கடைக்குக் கிடைக்கப்போகும் போர் தண்ணீரின் கடினம் வேறு.

ரோட்டுக்கடை ஓனர் வாடகையைக் குறைத்தால் என்ன செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. 60,000க்கு இறங்கினாலும் நாளுக்குப் பன்னிரண்டரை லோடு வாடகைக்கே போகும். அதற்கு அவர் 40 கிலோவாட் இணைப்பையும் பாதாளச் சாக்கடை இணைப்பையும் தயாராகக் கையில் கொடுத்து, உள்தெருவில் அவை கிடைக்காமல் போனால் மட்டும் யோசிக்கலாம். அதற்கு முன் உள்தெருக் கடை ஓனரிடம் சிறு தொகை டோக்கன் கொடுத்து பதினைந்து நாள் கேளுங்கள். அந்த நாட்களில் தண்ணீர் லேப் முடிவு, உதவிப் பொறியாளர் பதில், கட்டில் எண்ணிக்கை மூன்றும் வந்துவிடும். நாலாவதாக, பிளம்பரை வைத்துக்கொண்டு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கடையின் கழிவுக்குழாயில் ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டு, வாசலில் மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அங்கே ஓடி வந்து, கடைத்தரையில் ஒரு சொட்டும் திரும்ப மேலே வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.